இன்ஸ்பெக்டரை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளக் கோருவது தொடர்பாக

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசியுடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் புது ஊரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அத்தான் சௌக்கியம். முழங்காலுக்கு மேலே நானும் சௌக்கியம். முழங்காலுக்குக் கீழே உள்ள நிலவரத்தைத்தான் இந்தக் கடிதத்தில் விவரமாக எழுதப்போகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் நீ சிரித்தாய். மூன்றாவது தடவை போனை உன் மனைவியிடம் கொடுத்து, "அக்கா இன்னொரு தடவ சொல்லுங்க, இவளும் கேக்கட்டும்" என்றாய். ஆகவே இனி எல்லாம் எழுத்து மூலமாக. பதிவுத் தபாலில் வரும். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

உனக்கு மாற்றல் வந்தது, போன இடத்தில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது, கோழி வளர்க்க அங்கே இடமில்லை, எல்லாம் எனக்குப் புரிகிறது. "மூணே மாசம்க்கா, அதுக்குள்ள தரை வீடா பாத்துடுவேன்" என்று நீ சொன்னபோது நானும் சரி என்றேன். பணி ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் கட்டளையிட ஒரு ஜீவன்கூட இல்லாமல் வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு கோழி, இரண்டு சேவல், ஒரு கூண்டு, ஒரு மூட்டைத் தீவனம், கூடவே உன் கையெழுத்தில் ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பை இப்போதும் வைத்திருக்கிறேன். தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், கூண்டை எப்படிக் கழுவ வேண்டும் என்று பன்னிரண்டு வரி எழுதியவன், கடைசி வரியில், "செவப்புச் சேவல் பேரு இன்ஸ்பெக்டர், கொஞ்சம் ரோஷக்காரன், பழகிட்டா குழந்த" என்று முடித்திருக்கிறாய். பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும், அதுவரை நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் பள்ளியில் இப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் தலையை நிமிர்த்திக்கொண்டு கொல்லையைச் சுற்றி வருவான், நான் போனால் ஒதுங்கிப் போவான். அந்த வெள்ளைச் சேவல், நீ மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாயே, அவன் இருக்கிற இடமே தெரியாது. ஏழு கோழிகளுக்கும் கடைசியாகத்தான் தீவனத்துக்கே வருவான். பார்த்து நான் இரக்கப்பட்டிருக்கிறேன் என்பதைப் பதிவு செய்கிறேன். மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, துவைத்த போர்வையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மேலே, வாயில் ஒரு கிளிப். பின்னால் ஏதோ காற்று அடித்தது போல இருந்தது, அடுத்த நொடி கெண்டைக்காலில் யாரோ ஊசி போட்டது போல ஒரு வலி. திரும்பினால் இன்ஸ்பெக்டர். கழுத்து இறகு முழுவதும் குடை மாதிரி விரிந்து, ஒரு இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வருகிறான். காலில் முள் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். நீ அளந்து பார்த்திருக்கிறாயா? என் சுண்டுவிரல் பாதி இருக்கும்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். அதில் பதினொரு வருடம் தலைமையாசிரியை. காலை வணக்கத்தில் நான் மேடையேறி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் போதும், ஆயிரம் பிள்ளைகள் வாயை மூடுவார்கள். பின்வரிசையில் இருக்கும் ஆசிரியர்களும் மூடுவார்கள். அந்த நம்பிக்கையில் நிமிர்ந்து நின்றேன், அவனை நேருக்கு நேர் பார்த்தேன், நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினேன். பாய்ந்தான். கண்ணாடி இல்லாததால் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்பதுகூடத் தெரியவில்லை. போர்வையை இழுத்து முன்னால் பிடித்தேன், கொடி அறுந்தது, நானும் போர்வையும் ஈரத் துணிகளும் ஒரே மூட்டையாகத் தோய்க்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தோம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் மிஷின் சத்தம் நின்றது. "அக்கா, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று போர்வையைப் பார்த்துக் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் எடுத்த நடவடிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நீளக் கம்பு வாங்கினேன், அது கையில் இல்லாமல் கொல்லைப் பக்கம் கால் வைப்பதில்லை என்று ஆனது. கம்பைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் உற்சாகம். பெரிய பாத்திரத்து மூடியைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு மோட்டார் போடப் போனேன். உனக்கே தெரியும், மோட்டார் சுவிட்ச் கொல்லைக் கோடியில் இருக்கிறது, அங்கே போகாமல் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. மூடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு சேவல் வந்துவிட்டது என்று நினைத்து முன்பைவிட இரண்டு மடங்கு வெறியோடு மோதினான். கோயில் மணி மாதிரிச் சத்தம். சரி, குடையை எடுத்துக்கொண்டு போய், அவன் பக்கத்தில் வந்ததும் பட்டென்று விரித்தால் மிரண்டு ஓடுவான் என்று கணக்குப் போட்டேன். விரித்தேன். அவன் மிரளவில்லை. கோழிகள் மிரண்டன. நாலு கூரையில், இரண்டு தண்ணீர்த் தொட்டி மேலே, கழுத்தில் இறகில்லாத அந்த ஏழாவது மகராசி மதில் தாண்டித் தையல்காரம்மாவின் மிஷின் மேலேயே போய் இறங்கிவிட்டாள். மிஷினில் மறுநாள் கல்யாணப் பெண் போட வேண்டிய வெள்ளை அங்கி. கோழி அதன் மேல் என்ன செய்தது என்பதை ஆசியில் தொடங்கிய இந்தக் கடிதத்தில் நான் எழுத மாட்டேன்.

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்காமல் படி. ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இந்தத் தெருவில் பேச இருந்தது அவள் ஒருத்திதான். தினமும் நாலு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு வருவாள், இரண்டு பேரும் காபி குடிப்போம், யார் வீட்டு உடை எத்தனை அங்குலம் பெருத்தது என்று சொல்லுவாள், நான் கண்டிப்பேன், பிறகு அடுத்தது யார் என்று கேட்பேன். குடை விரித்த நாளிலிருந்து அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்தாள். "பரவாயில்லங்க டீச்சர்" என்றாள். எப்போதும் "அக்கா" என்பவள் "டீச்சர்" என்றதும் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு நாள் ஆகிறது. நாலு மணிக்குப் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு ஒன்றை உள்ளே வைக்கிறேன்.

மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் கதை வேறு. நல்ல மனுஷர், அவசரக்காரர். மீட்டர் பின்பக்கச் சுவரில் இருப்பதால் பக்கவாட்டுச் சந்து வழியாகத் தானே போய்விட்டார், என்னைக் கூப்பிடவில்லை. அரை மணி கழித்துத் தொட்டி மேலிருந்து ஒரு குரல், "அம்மா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" ஏணி இல்லாமல் அவர் அங்கே எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியவில்லை. கீழே இன்ஸ்பெக்டர் அவருடைய குறிப்புப் புத்தகத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். அந்த மாதச் சீட்டில் அளவு எழுத வேண்டிய கட்டத்தில், "அணுக இயலவில்லை. காரணம்: சேவல்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஓர் அரசாங்கக் காகிதத்தில் நம் வீட்டுப் பெயர் இப்படி ஏறியிருக்கிறது.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் டாக்டர், பொறுமையாகக் கேட்டாள், உன்னைப் போலச் சிரிக்கவில்லை. "ஏழு கோழிக்கு ரெண்டு சேவல் அதிகம்மா. யாரு பெரியவன்னு காட்டிக்கத்தான் இவ்வளவும். பெருசப் பிடிச்சுத் தனியா அடைங்க, அடங்கிடும்" என்றாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். உன் அத்தான் போய் எப்படியோ இன்ஸ்பெக்டரைப் பிடித்துத் தனிக் கூண்டில் விட்டார். அன்று முழுவதும் கொல்லையில் அப்படியோர் அமைதி. கம்பில்லாமல் துணி காயப்போட்டேன். வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது. மறுநாள் காலை கதவைத் திறக்கிறேன், படியிலேயே மாப்பிள்ளை நிற்கிறான். நேற்றுவரை தீவனத்துக்குக் கூச்சப்பட்டவன், ஒரே இரவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு, கொண்டை சிவந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தான். மேலிடம் காலியானதும் பொறுப்பு ஏற்றுக்கொண்டுவிட்டான்! அவன் எடை குறைவு என்பதால் கெண்டைக்காலோடு நிற்கவில்லை, நேராக முழங்காலுக்கு வருகிறான். இவனுக்கு அவனே மேல் என்று இன்ஸ்பெக்டரைத் திறந்துவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு என்னை விட்டுவிடும் என்பது என் எண்ணம். இரண்டும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றன, பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டன. துணிக்கொடி இன்ஸ்பெக்டருக்கு, மோட்டார் சுவிட்ச் மாப்பிள்ளைக்கு.

இதில் எனக்கு அடங்காத எரிச்சல் என்ன தெரியுமா, உன் அத்தானை அவை தொடுவதே இல்லை. அவர் பாட்டுக்குப் பின்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அந்த இரண்டும் அவர் செருப்பைச் சுற்றி மேய்கின்றன. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, உங்கள மட்டும் ஏன் ஒண்ணும் செய்ய மாட்டேங்குது?"

"நான் ஒண்ணும் செய்யலையே, அதான்."

"அப்ப நான் என்ன செஞ்சேன்?"

பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். முகம் தெரியவில்லை. பேப்பர் மட்டும் குலுங்கியது. அதே வாரம் கால் பிடரியில் அடிக்க ஒரு செருப்பை விட்டுவிட்டு நான் ஓடி வந்தபோது, மனுஷர் எழுந்து நின்று கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே வந்து மூச்சு வாங்கினால், "கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல நீ ஒருத்தரப் பாத்துப் பின்வாங்கி நான் பாத்ததில்ல. தண்ணி குடி" என்றார். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் எனக்கில்லை, சேவலுக்கு. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்ததாகத் தெரிகிறது.

பொறுத்தது போதும் என்று கறிக்கடைக்காரரை வரச்சொல்லி ஆளனுப்பினேன். ஆமாம், கறிக்கடைக்காரர்தான். அதிர்ச்சியடையாதே, மேலே படி. புதன்கிழமை வந்தார். நாற்பது வயதிருக்கும், தூக்கினால் என்னையும் உன் அத்தானையும் சேர்த்தே தூக்கிவிடுவார், அப்படி ஒரு தோள். வாசலில் என்னைப் பார்த்ததும் அந்தத் தோள் இரண்டும் தொங்கிப்போயின.

"டீச்சர்... நீங்களா? உங்க வீடுன்னு சொல்லலையே."

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவராம். எனக்கு நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டில் எந்த இடத்தில் நின்றுபோனார் என்பதுவரை சொன்னார். கொல்லைக்கு அழைத்துப் போனேன், அதாவது நான் கம்போடு கதவுக்கு உள்ளே நின்றுகொண்டேன், அவரைப் போகச் சொன்னேன். அவர் கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் கழுத்தை விரித்தான். இவர் அவனைப் பார்க்கவே இல்லை, கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, கடைக்கு நடந்து போகிற மாதிரி மெதுவாகப் போனார், குனிந்தார், இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளினார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவ்வளவுதான். பஞ்சு மூட்டை மாதிரி அடங்கிக் கிடந்தான், பாவி. கண்ணை வேறு மூடினான். ஐந்து மாதம் சோறு போட்டவளிடம் அந்த ஆட்டம், கத்தி வைத்திருப்பவனிடம் இந்தக் கொஞ்சல்!

"எடுத்துட்டுப் போப்பா" என்றேன்.

அவர் நகரவில்லை. அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. இது கெட்ட சேவல் இல்ல. பயந்துபோயிருக்கு."

"பயமா? அதுக்கா? என் காலப் பாரு!"

"கம்போட வரீங்க. நேரா கண்ணப் பாத்துக்கிட்டு, நேரா அது மேலயே நடந்து வரீங்க. கோழிங்கள எல்லாம் அதட்டுறீங்க. இதோட குடும்பத்த யாரோ அடிக்க வர்றாங்கன்னுதான இது நெனைக்கும்? நிக்காம என்ன செய்யும் பாவம்."

"நான் எப்பவும் அப்படித்தாம்பா நடப்பேன்."

"தெரியும் டீச்சர்" என்றார். "வராண்டால உங்க செருப்புச் சத்தம் கேட்டாப் போதும். நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன், குதிச்சு ஓடிடுவேன். இதுக்கு ஓட எடமில்ல."

உன் அத்தான் பேப்பரை மடித்துக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு பேச்சை அவர் முப்பத்தைந்து வருடமாகக் காத்திருந்து கேட்பது போல இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் உன்ன ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்லையே" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஐயையோ, அடிச்சதே இல்ல டீச்சர். நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க, என் பொண்ணையும் உங்ககிட்டதான் சேத்தேன்" என்று பதறிவிட்டார். பிறகு சேவலைக் கீழே இறக்கிவிட்டார். வேண்டாமாம். கேட்டால், வயதான சேவல், கறி வேகாது என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும், அவர் பொய் சொன்னால் இடது காதைத் தொடுகிறார், ஏழாம் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. போகும்போது, "கம்ப உள்ள வெச்சிட்டு, மெதுவா, வேற எங்கயோ பாத்துக்கிட்டே நடங்க டீச்சர். ஒரு வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கொல்லையில் எப்படி நடப்பது என்று என் மாணவன் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். கறிக்கடைக்காரரே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த சேவல் இந்த உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று நீயே சொல்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை காலைப் பத்து மணிக்குள் நீ வண்டியோடும் கூண்டோடும் இங்கே இருக்க வேண்டும். இரண்டு சேவல், ஏழு கோழி, கூண்டு, மீதித் தீவனம், உன் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் மாடியில் வைப்பாயோ மொட்டை மாடியில் வைப்பாயோ, அது உன் பாடு. சாக்குப் போக்கு எதுவும் ஏற்றுக்கொள்ளப்படாது. தவறினால் அக்கா என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிடலாம்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு ஆயிரம் முத்தம். எல்லோரும் நூறு வயது நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும், அதில் சனிக்கிழமையும் அடங்கும்.

இப்படிக்கு,
உன் மேல் கடும் கோபத்திலிருக்கும்
அக்கா

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள் ஒரு சமாசாரம். எழுதுகிற மும்முரத்தில் மோட்டாரை மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பிக் கொல்லை முழுவதும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கம்பும் எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை, சேவல் நினைப்பே இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. நட்ட நடுக் கொல்லை, கணுக்கால் வரை சேறு, மாப்பிள்ளை இந்தப் பக்கம், இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம். அசையாமல் நின்றேன். தண்ணீர் பட்டு மண்ணிலிருந்து புழுக்கள் நெளிந்து வந்திருந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றைக் கொத்தி எடுத்தான், தின்னவில்லை, கீழே போட்டுவிட்டு மெல்லிய குரலில் கோழிகளைக் கூப்பிட்டான். அவை வந்து தின்றன. இன்னொன்றை எடுத்துப் போட்டான். ஏழும் தின்று முடிக்கும்வரை அவன் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. என் காலை ஒட்டிக்கொண்டு போனான், ஒரு வேலிக்காலைத் தாண்டிப் போவது மாதிரி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் என்னை இவ்வளவு சாதாரணமாக நடத்தியதில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மதில் மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அக்கா! அசையாதீங்க, நான் தொடப்பத்த எடுத்துட்டு வரேன்!" என்று கத்தினாள் தையல்காரம்மா. "கத்தாதடி, சாப்புட்டுக்கிட்டிருக்காங்க" என்றேன். அவள் சுவரிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தாள். கோழி அசிங்கம் செய்த இடத்தில் ஒரு பூ வைத்துத் தைத்தாளாம், கல்யாணப் பெண்ணுக்கு அந்தப் பூதான் மிகவும் பிடித்ததாம். இப்போது உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஆசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. சனிக்கிழமை அவசியம் வா, ஆனால் கூண்டும் வண்டியும் வேண்டாம். தரை வீடு தேடி அலையவும் வேண்டாம், மூன்றாம் மாடியில் காற்று நன்றாக வரும். வந்ததும் உரிமையோடு கொல்லைக்கு ஓடிவிடாதே. ஐந்து மாதமாகிறது, உன்னை மறந்திருப்பான். நான் மெதுவாக முன்னால் நடக்கிறேன், பயமாக இருந்தால் என் பின்னால் வா.